ஏ6, பி5: இ4-க்கு எதிராகக் கறுப்பில் செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு ஆடுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

சதுரங்கத்தில் வெள்ளை இ4 ஆடியதும் கறுப்பு இ5 ஆடும், இல்லையென்றால் சி5, இ6, சி6 என்று ஏதாவது ஒன்று. இதுதான் பழக்கம். இந்த நான்கையும் விட்டுவிட்டு, பலகையின் ஓரத்தில் நிற்கும் ஏ சிப்பாயை ஒரு கட்டம் நகர்த்தினால் எதிரே இருப்பவர் ஒரு கணம் நிமிர்ந்து பார்ப்பார். அடுத்து 2.டி4 பி5 என்று வந்தால் சிரிக்கவும் கூடும். இந்தத் தொடக்கத்துக்குச் செயின்ட் ஜார்ஜ் தற்காப்பு என்று பெயர். பேக்கர் தற்காப்பு என்பது பழைய பெயர். 1868இல், பின்னாளில் முதல் உலக சாம்பியனான ஸ்டைனிட்ஸ் பலருடன் ஒரே நேரத்தில் ஆடிய காட்சி ஆட்டத்தில் பேக்கர் என்பவர் இதை ஆடி அவரை வென்றார். பிற்காலத்தில் இதை விடாமல் ஆடி வளர்த்தவர் இங்கிலாந்தின் இன்டர்நேஷனல் மாஸ்டர் மைக்கேல் பாஸ்மன்.

இதை வெறும் அதிர்ச்சி வைத்தியமாக ஆடுபவர்கள் சீக்கிரமே தோற்று, சீக்கிரமே கைவிடுகிறார்கள். ஏ6, பி5 இரண்டும் எதிராளியைக் குழப்புவதற்கான நகர்த்தல்கள் அல்ல. பி7-இல் பிஷப்பை வைத்து இ4 சிப்பாயை அழுத்துவது, சரியான நேரத்தில் சி5 தள்ளி டி4-ஐ இடிப்பது, இந்த இரண்டு வேலைக்குமான ஏற்பாடு அவை. இதில் சி5 வராமல் போனால் நடுவை எதிராளிக்கு இலவசமாகக் கொடுத்துவிட்டோம் என்று அர்த்தம். கீழே வரும் எல்லா வரிசைகளையும் இந்த ஓர் அளவுகோலில் பார்த்தால் மனப்பாடம் செய்ய வேண்டியது மிகக் குறைவு.

குறியீடு பற்றிச் சில வரி. நெடுவரிசைகளை ஏ, பி, சி, டி, இ, எஃப், ஜி, எச் என்று எழுதுகிறேன். பின்னால் வரும் எண், வெள்ளைப் பக்கத்திலிருந்து எண்ணும் கிடைவரிசை. காயின் பெயர் இல்லாமல் கட்டம் மட்டும் இருந்தால் அது சிப்பாய் நகர்த்தல். குதிரை பிடி2 என்றால் பி நெடுவரிசையில் இருந்த குதிரை டி2-க்குப் போகிறது. நகர்த்தல் எண்ணுக்குப் பின் மூன்று புள்ளி இருந்தால் அது கறுப்பின் நகர்த்தல், ! என்றால் நல்ல நகர்த்தல். × என்றால் வெட்டு, + என்றால் செக், 0-0 என்றால் ராஜா பக்கக் கேஸ்லிங், அதாவது ராஜாவும் யானையும் ஒரே நகர்த்தலில் இடம் மாறுவது. பலகையை எடுத்து வைத்துக்கொண்டு படியுங்கள். கண்ணால் மட்டும் படித்தால் இந்தக் கட்டுரை பாதிதான் உதவும்.

முதல் படி: ஏன் ஏ6 முதலில்?

நேராக 1.இ4 பி5 ஆடினால் 2.பிஷப்×பி5 என்று வெள்ளை எடுத்துக்கொள்ளும். பிஷப் பி7 ஆடி இ4-ஐத் தாக்கலாம்தான், ஆனால் வெள்ளை அதைக் காத்துக்கொண்டு ஒரு சிப்பாய் முன்னிலையில் இருக்கும். அதனால் ஏ6 முன்னால் வந்து பி5-க்குக் காவல் நிற்கிறது.

இந்த நகர்த்தலில் இன்னொரு வசதியும் உண்டு. வெள்ளை 2.டி4 ஆடாமல் 2.குதிரை எஃப்3 ஆடினால், 2...சி5 ஆடிச் சிசிலியன் தற்காப்பின் (1.இ4 சி5) ஓ'கெல்லி வகைக்குள் போய்விடலாம். 2.சி4 ஆடி வெள்ளை பி5-ஐத் தடுத்தாலும் 2...சி5 நல்ல பதில்தான். ஆக ஏ6 ஆடிய பிறகும் உங்கள் கதவுகள் எல்லாம் மூடிவிடவில்லை.

ஆனால் இது இ4-க்கான ஆயுதம். வெள்ளை முதலிலேயே சி4 ஆடியிருந்தால் ஏ6-க்கு அவ்வளவு பொருள் இல்லை. அங்கே வேறு ஏதாவது ஆடுங்கள்.

இரண்டாம் படி: அடிப்படை அமைப்பு

1.இ4 ஏ6 2.டி4 பி5 3.குதிரை எஃப்3 பிஷப் பி7 4.பிஷப் டி3 இ6

நான்காவது நகர்த்தலில் ஒரு கேள்வி எழும். உடனே 4...குதிரை எஃப்6 ஆடி இ4-ஐ இன்னொரு முறை தாக்கலாமே? ஆடலாம், பெரிய வீரர்களும் ஆடியிருக்கிறார்கள். ஆனால் 5.இ5 குதிரை டி5 6.குதிரை ஜி5 என்று வந்தால் எஃப்7 பக்கம் கொஞ்சம் சூடாகிவிடும். இ6 முன்னதாகவே ஆடப்பட்டிருந்தால் இருட்டுக் கட்டப் பிஷப் இ7-க்கு வந்து ஜி5 கட்டத்தைக் கவனித்துக்கொள்ளும். அதனால் புதிதாகத் தொடங்குபவர்களுக்கு என் பரிந்துரை இ6 முதலில், குதிரை பிறகு.

5.0-0 குதிரை எஃப்6

இங்கே வெள்ளை இ4-ஐக் காக்க வேண்டும், அல்லது இ5 தள்ள வேண்டும். 6.இ5 என்றால் 6...குதிரை டி5. இந்தக் குதிரை பலகையின் நடுவில் வசதியாக உட்கார்ந்திருக்கும். அதை விரட்ட 7.சி4 ஆடினால் 7...பி×சி4 8.பிஷப்×சி4 குதிரை பி6. 7.பிஷப் ஜி5 ஆடினால் 7...பிஷப் இ7, பிஷப்புகள் மாறட்டும். அதன்பின் சி5 அல்லது டி6 ஆடி, முன்னே வந்துவிட்ட இ5 சிப்பாயை இடிப்பதுதான் வேலை. இ5 வந்ததைப் பார்த்துப் பயப்படாதீர்கள். அந்தச் சிப்பாய் உங்களை நெருக்குகிறது என்பது உண்மை. ஆட்டம் நீள நீள அதைக் காப்பதே வெள்ளைக்குத் தலைவலியாகும் என்பதும் உண்மை.

6.யானை இ1 என்றால் 6...சி5. இந்த நிலைதான் தற்காப்பின் இதயம். இங்கிருந்து மூன்று பாதைகள் பிரிகின்றன.

7.சி3 வந்தால் அவசரம் இல்லை. பிஷப் இ7, தேவைப்படும்போது சி×டி4, பிறகு குதிரை சி6, வாய்ப்பிருந்தால் குதிரை பி4 ஆடி டி3 பிஷப்பைத் தொந்தரவு செய்யுங்கள். டி சிப்பாயை டி6-இல் நிறுத்துவது பெரும்பாலும் பாதுகாப்பானது. டி5 ஆடவே கூடாது என்றில்லை, ஆனால் அது பி7 பிஷப்பின் முகத்தில் நீங்களே கதவைச் சாத்துவது போல. அந்தப் பிஷப்புக்காகத்தானே இவ்வளவு ஏற்பாடும்?

7.டி×சி5 வந்தால் மகிழ்ச்சியாக 7...பிஷப்×சி5. இப்போது கிடைப்பது சிசிலியன் கான் வகையைப் போன்ற அமைப்பு: ஏ6, பி5, இ6, பிஷப் பி7 எல்லாம் தயார், சி நெடுவரிசை உங்கள் பக்கம் பாதி திறந்திருக்கிறது. 8.குதிரை சி3 என்றால் 8...பி4. குதிரை ஏ4-க்குப் போய்ச் சி5 பிஷப்பைத் தாக்கும். பிஷப் இ7-க்குத் திரும்பிவிடும். ஓரத்தில் மாட்டிய அந்தக் குதிரை மறுபடி ஆட்டத்துக்குள் வர நேரம் எடுக்கும்.

7.டி5 தான் விஷம். சிப்பாய் இலவசமாகக் கிடைப்பதுபோல் தெரியும். 7...இ×டி5 ஆடினால் 8.இ×டி5+, ஏனென்றால் இ1 யானையின் வழி திறந்துவிடுகிறது. 8...பிஷப் இ7 என்று மறைத்தால் 9.டி6! பிஷப் ராஜாவின் முன் கட்டுண்டு கிடக்கிறது, அந்தச் சிப்பாயை வெட்ட முடியாது. கேஸ்லிங் செய்து தப்பலாமென்றால் 10.டி×இ7, காய் போனது மட்டுமல்ல, ராணியும் தாக்குதலில் இருக்கிறது. ஆகவே 7.டி5-க்குப் பதில் 7...சி4. டி3 பிஷப் நகர்ந்தாக வேண்டும்; 8.பிஷப் எஃப்1 பிஷப் சி5 என்று டி6 கட்டத்தையும் பூட்டிவிட்டு நிதானமாக ஆடுங்கள். யானை இ1-இலும் உங்கள் ராஜா இ8-இலும் இருக்கும்வரை டி5-இல் வெட்டாதீர்கள். இந்தத் தற்காப்பில் ஒரே ஒரு பொறியை நினைவில் வைக்க வேண்டுமென்றால் இதை வையுங்கள்.

மூன்றாம் படி: பி5-ஐ வெள்ளை தாக்கினால்

முன்னே போன சிப்பாயைப் பிடித்து இழுப்பது எதிராளியின் முதல் சிந்தனையாக இருக்கும். மூன்று விதமாக வருவார்கள்.

குதிரையால்: 3.குதிரை சி3 பிஷப் பி7 4.குதிரை எஃப்3 என்று இயல்பாக ஆடினால் 4...பி4! இ4-ஐக் காத்துக்கொண்டிருந்த ஒரே காய் அந்தக் குதிரைதான். ஏ4 போனால் பிஷப்×இ4. டி5 போனால் 5...இ6 என்று விரட்டுங்கள். அது பி4-இல் வெட்டினால் 6...பிஷப்×பி4+ என்று குதிரையே போய்விடும், இ3-க்கு ஒதுங்கினால் பிஷப்×இ4. பிளிட்ஸ் எனப்படும் வேக ஆட்டங்களில் பலர் இதில் வந்து விழுவார்கள், ஏனென்றால் குதிரைகளை எஃப்3, சி3-இல் வைப்பது கை தானாகச் செய்யும் வேலை. விவரம் தெரிந்தவர் பிஷப் டி3-ஐ முன்கூட்டியே ஆடியிருப்பார்.

ஏ சிப்பாயால்: 3.ஏ4. பலர் இங்கே பதறி பி4 தள்ளுவார்கள் அல்லது ஏ4-இல் வெட்டிவிடுவார்கள். பி×ஏ4 ஆடினால் ஏ6 தனியாக நிற்கும், நிரந்தரத் தொல்லை. பி4 மோசமில்லை. ஆனால் எனக்குப் பிடித்தது 3...பிஷப் பி7! வெள்ளை வெட்டட்டும்: 4.ஏ×பி5 ஏ×பி5 5.யானை×ஏ8 பிஷப்×ஏ8 6.பிஷப்×பி5 பிஷப்×இ4. கணக்குப் பாருங்கள். ஓரச் சிப்பாய் ஒன்றைக் கொடுத்து நடுச் சிப்பாய் ஒன்றை எடுத்துக்கொண்டோம், அதோடு ஜி2-ஐயும் தாக்குகிறோம். 7.குதிரை எஃப்3 இ6, பிறகு குதிரை எஃப்6, பிஷப் இ7, கேஸ்லிங். நடுவில் சிப்பாய்கள் கறுப்புக்குத்தான் அதிகம். ஆறாவதில் வெள்ளை 6.குதிரை சி3 ஆடி இ4-ஐக் காக்கப் பார்த்தால், பதில் உங்களுக்கு ஏற்கெனவே தெரியும்: 6...பி4.

சி சிப்பாயால்: 3.சி4. உண்மையிலேயே யோசிக்க வைக்கும் நகர்த்தல் இது. 3...பிஷப் பி7 4.சி×பி5 ஏ×பி5 5.பிஷப்×பி5 பிஷப்×இ4 6.குதிரை எஃப்3 இ6 7.0-0 குதிரை எஃப்6 8.குதிரை சி3 பிஷப் பி7. மறுபடியும் ஓரத்துக்கு நடுவை மாற்றிக்கொண்டோம். ஆனால் இங்கே ஒரு விலை இருக்கிறது: வெள்ளையின் ஏ, பி சிப்பாய்கள் இரண்டும் கைகோத்து நிற்கின்றன. காய்கள் எல்லாம் மாறி இறுதியாட்டம் வந்தால் அவை ஓட ஆரம்பிக்கும். எனவே இந்த வரிசையில் ராணிகளை அவசரப்பட்டு மாற்றாதீர்கள். நடுச் சிப்பாய்களை முன்னே கொண்டுவந்து, பலகையில் காய்கள் இருக்கும்போதே ஏதாவது செய்ய வேண்டும்.

வெள்ளை எஃப்4 ஆடி நடுவை அகலமாக்கும் முயற்சியும் வரும்: 3.பிஷப் டி3 பிஷப் பி7 4.எஃப்4 இ6 5.குதிரை எஃப்3. பார்க்கப் பயங்கரமாக இருக்கும். பதில் வழக்கமானதுதான், 5...சி5. எஃப் சிப்பாய் நகர்ந்ததால் ஜி1 பக்கம் போகும் மூலைவிட்டம் திறந்து கிடக்கிறது. சி×டி4, ராணி பி6 எல்லாம் இங்கே கூர்மை பெறும்.

நான்காம் படி: ராஜாவை எப்போது ஒளிப்பது?

வழக்கமான பாடம், சீக்கிரம் கேஸ்லிங் செய் என்பது. இந்தத் தற்காப்பில் அதைக் கொஞ்சம் தளர்த்த வேண்டும். காரணம், இ5 தள்ளியதும் எஃப்6 குதிரை விரட்டப்படுகிறது. எச்7-க்குக் காவல் இல்லை. வெள்ளையின் பிஷப் டி3-இல், குதிரை எஃப்3-இல், ராணி ஒரே எட்டில் எச்5-க்கு வரத் தயார். பிஷப்×எச்7+, குதிரை ஜி5+, ராணி எச்5 என்ற பழைய தாக்குதலுக்கு இதைவிடப் பொருத்தமான மேடை கிடையாது. நீங்கள் ஏழாவது நகர்த்தலிலேயே கேஸ்லிங் செய்துவிட்டால் எதிராளி யோசிக்கவே தேவையில்லை, கை தானாக அங்கே போகும்.

ஆகவே முதலில் பிஷப் இ7 (ஜி5-க்குக் காவல்), ராணி சி7 (இ5-க்கு அழுத்தம்), குதிரை சி6. முடிந்தால் ஒரு ஜோடி காயை மாற்றிவிடுங்கள், முக்கியமாக டி3 பிஷப்பையோ இ5-ஐக் காக்கும் காயையோ. அதன்பின் கேஸ்லிங். இ நெடுவரிசை திறந்துவிட்டால் மட்டும் இந்த அறிவுரை தலைகீழாகும். அப்போது உடனே ராஜாவை நகர்த்துங்கள்.

ஐந்தாம் படி: ஓர் ஆட்டத்தை முழுதாகப் பார்ப்பது

ஆண்டு 1980. ஸ்வீடனின் ஸ்காரா நகரில் ஐரோப்பிய அணிகள் சாம்பியன்ஷிப். சோவியத் அணியின் முதல் பலகையில் அன்றைய உலக சாம்பியன் அனதோலி கார்ப்போவ், வெள்ளை. எதிரே இங்கிலாந்தின் டோனி மைல்ஸ். 1.இ4-க்கு மைல்ஸ் ஏ6 ஆடினார். பார்வையாளர்கள் சிரித்தார்கள் என்று அவரே பிறகு எழுதியிருக்கிறார்.

1.இ4 ஏ6 2.டி4 பி5 3.குதிரை எஃப்3 பிஷப் பி7 4.பிஷப் டி3 குதிரை எஃப்6 5.ராணி இ2 இ6 6.ஏ4 சி5 7.டி×சி5 பிஷப்×சி5 8.குதிரை பிடி2 பி4

ஏ4 வந்தபோது மைல்ஸ் பி4-ஐ உடனே ஆடவில்லை. சி5 முதலில், பி4 பிறகு. முன்னே சொன்ன அளவுகோல் இங்கே அப்படியே தெரிகிறது.

9.இ5 குதிரை டி5 10.குதிரை இ4 பிஷப் இ7 11.0-0 குதிரை சி6 12.பிஷப் டி2 ராணி சி7

இ5 மேல் இரண்டு காய்கள் குறி வைத்துவிட்டன. ராஜா இன்னும் இ8-இலேயே இருக்கிறார்.

13.சி4 பி×சி3 14.குதிரை×சி3 குதிரை×சி3 15.பிஷப்×சி3 குதிரை பி4 16.பிஷப்×பி4 பிஷப்×பி4

பதின்மூன்றில் கறுப்பு வெட்டியது போகிற போக்கில் வெட்டும் (ஆன் பாசான்) விதிப்படி. இரண்டு பக்கமும் இரண்டிரண்டு காய்கள் மாறின. இ5-க்குப் பின்னால் நின்ற சி3 பிஷப் போயே போய்விட்டது. கறுப்புக்கு இரண்டு பிஷப்புகளும் மிச்சம்.

17.யானை ஏசி1 ராணி பி6 18.பிஷப் இ4 0-0

பதினெட்டாவது நகர்த்தலில்தான் கேஸ்லிங்!

19.குதிரை ஜி5 எச்6 20.பிஷப் எச்7+ ராஜா எச்8 21.பிஷப் பி1 பிஷப் இ7

இங்கே நிறுத்தி யோசியுங்கள். ஜி5 குதிரை இலவசம்போல் தெரிகிறது. 21...எச்×ஜி5 ஆடினால் 22.ராணி எச்5+ ராஜா ஜி8 23.ராணி எச்7, மேட். பி1-இல் பதுங்கியிருக்கும் பிஷப் எச்7 வரை பார்க்கிறது. மைல்ஸ் குதிரையைத் தொடாமல் பிஷப்பைப் பின்னே எடுத்தார். குதிரைதான் நகர வேண்டியிருந்தது.

22.குதிரை இ4 யானை ஏசி8 23.ராணி டி3 யானை×சி1 24.யானை×சி1 ராணி×பி2 25.யானை இ1 ராணி×இ5

ஒன்பதாவது நகர்த்தலில் பெருமையாக முன்னேறிய இ5 சிப்பாய் இருபத்தைந்தில் விழுந்தது. இ4 குதிரையும் நகர முடியாது. நகர்ந்தால் பின்னால் நிற்கும் இ1 யானை ராணியின் வாயில்.

26.ராணி×டி7 பிஷப் பி4 27.யானை இ3 ராணி டி5 28.ராணி×டி5 பிஷப்×டி5

ஒரு சிப்பாய் முன்னிலை, இரண்டு பிஷப்புகள். மிச்சத்தை மைல்ஸ் பொறுமையாக முடித்தார்; 46ஆவது நகர்த்தலுக்குப் பிறகு கார்ப்போவ் ஆட்டத்தை ஒப்புக்கொடுத்தார்.

இந்த ஆட்டத்தை வைத்துக்கொண்டு இந்தத் தற்காப்பு இ5-க்கோ சி5-க்கோ சமம் என்று வாதாடுபவர்கள் உண்டு. நான் அப்படிச் சொல்லமாட்டேன். கணினியில் சதுரங்க இன்ஜினைத் திறந்தால் வெள்ளைக்குத்தான் சாதகம் என்று அது சொல்லும், அது சரியும்கூட: வெள்ளைக்கு இடம் அதிகம், நடு அதன் கையில். ஆனால் அந்தச் சாதகத்தைப் பலகையில் நிரூபிக்க இ5 எப்போது, சி3 எப்போது, ஏ4 எப்போது என்று எதிராளி தானாகவே கண்டுபிடிக்க வேண்டும். நீங்களோ இந்த நிலைகளை முன்பே பார்த்து வந்திருப்பீர்கள்.

ஆறாம் படி: பயிற்சி

முதலில் பிளிட்ஸில் ஆடிப் பாருங்கள், மெதுவான போட்டி ஆட்டங்களில் அல்ல. ஒவ்வோர் ஆட்டம் முடிந்ததும் இன்ஜினின் மதிப்பெண்ணைப் பார்ப்பதற்கு முன் ஒரே கேள்வி கேளுங்கள்: சி5 எந்த நகர்த்தலில் வந்தது? வரவில்லையென்றால் ஏன்? தோற்ற ஆட்டங்களில் பெரும்பாலும் விடை அங்கேயே இருக்கும். பத்தாவது நகர்த்தல் தாண்டியும் சி7 சிப்பாய் அசையாமல் இருந்தால், நெரிசலில் நீங்களாகவே போய் மாட்டிக்கொண்டீர்கள்.

அடுத்து, 7.டி5 பொறியையும் எச்7 தாக்குதலையும் வெள்ளைப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிப் பாருங்கள். தாக்குகிறவரின் கண்ணால் ஒருமுறை பார்த்துவிட்டால் எந்தக் காய் வந்ததும் உஷாராக வேண்டும் என்பது பிடிபடும். பிறகு 3.சி4 வரிசை. எதிராளி முன்கூட்டியே தயாராகி வந்தால் பெரும்பாலும் அதைத்தான் கொண்டுவருவார். அங்கே ஏழெட்டு நகர்த்தல்கள் தடுமாறாமல் வர வேண்டும்.

ஒரே எதிராளியிடம் திரும்பத் திரும்ப இதை ஆடாதீர்கள். இரண்டாவது முறை அவர் வீட்டிலேயே பார்த்துவிட்டு வருவார். அப்போது 1...ஏ6 ஆடிவிட்டு, 2.டி4-க்கு 2...இ6 என்று பிரெஞ்சு தற்காப்பு (1.இ4 இ6) மாதிரி நிலைக்குள் நழுவிவிடலாம். அவர் தயாரித்து வந்ததெல்லாம் வேறு ஆட்டத்துக்கானது.